வெளியூர் போனவர்கள்

நேற்று பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு சாவு வீட்டில் துட்டி கேட்டுவிட்டுத் திரும்பும்போது, நான் படித்த பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுச் சுவரில் என் முகத்தைப் பார்த்தேன். மாசி மாதம் கட்டிய பிளெக்ஸ். கடல்காற்றும் வெயிலும் பட்டுச் சிவப்பெல்லாம் போய் நீலம் மட்டும் நிற்கிறது. எனக்கு இடப்பக்கம் லண்டனில் இருக்கும் டாக்டரம்மா, வலப்பக்கம் கப்பல் கேப்டன், நடுவில் நான். மூன்று பேரும் தண்ணீரில் ஊறிக் கரை ஒதுங்கியவர்கள் மாதிரி நீலம்பாரித்துக் கிடக்கிறோம். எழுத்து மட்டும் இன்னும் வாசிக்க வருகிறது. மேலே, 'சாதனை படைத்த முன்னாள் மாணவர்கள், இளைய தலைமுறையின் கலங்கரை விளக்கங்கள்.' கீழே என் காலடியில், 'பத்தாம் வகுப்பில் தொடர்ந்து நூறு சதவீதத் தேர்ச்சி.'

டிரைவரிடம் வண்டியை நிறுத்தச் சொன்னேன். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு வாய்க்கு வந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, போகச் சொன்னேன். எழுபது தாண்டிய மனிதன் தன் படத்தைப் பார்த்தே வைவதை அவன் அதற்கு முன் கண்டிருக்க மாட்டான்.

கட்டின புதிதில் அந்த பிளெக்ஸ் மண்ணெண்ணெயும் பிளாஸ்டிக்கும் கலந்த மாதிரி நாறியது. எனக்கு அது வாசனையாக இருந்தது, உங்களிடம் சொல்வதற்கென்ன. தலைமுடிக்குக் கறுப்பு பூசி, தாடைச் சதையில் ஒரு மடிப்பைக் குறைத்து, ஸ்டுடியோக்காரன் என்னைப் பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி ஆக்கியிருந்தான். வேலை இல்லாத நேரத்திலும் வண்டியை அந்தத் தெருவழியாக விடச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் அந்தச் சுவருக்கு உரிய நாற்றம் அதுவல்ல. எங்கள் காலத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் சங்கு சேர்த்துவைக்கும் கிட்டங்கி இருந்தது. குளிகாரர்கள் கடலுக்கு அடியிலிருந்து எடுத்துவந்த சங்கைக் குவியல் குவியலாகப் போட்டு, உள்ளே இருக்கும் சதை அழுகி விழும்வரை விட்டுவைப்பார்கள். அதன் பிறகு கழுவி, வளையல் அறுக்கக் கல்கத்தாவுக்கு அனுப்புவார்கள். அழுகுகிற நாட்களில் காற்று எங்கள் பக்கம் திரும்பினால், சரித்திர ஆசிரியர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பானிபட் யுத்தம் நடத்துவார். எங்களுக்கு ஒன்றும் தெரியாது, மூக்கு பழகிவிட்டது. இன்றைக்கும் எங்காவது எலி செத்து நாறினால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பானிபட்தான். என் சரித்திர அறிவு அவ்வளவுதான், அது போதும் என்று நினைத்தே இவ்வளவு காலம் ஓட்டிவிட்டேன்.

நாங்கள் சாயர்புரத்துக்குக் கிழக்கே பனங்காட்டுக்காரர்கள். பதநீர் வற்றிய ஒரு வருசம் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இரண்டாவது சந்தில் ஒற்றை அறை. தள்ளுவண்டியில் கருப்பட்டி வியாபாரம். துறைமுகத்து ஆட்கள் விடியற்காலையில் கருப்பட்டிக் காப்பி குடிக்காமல் மூட்டையைத் தொடமாட்டார்கள் என்பதால் பிழைப்பு நடந்தது. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வராது. அதற்கு ஈடாக வாய்ச்சொல்லை வைத்திருந்தார். நாளைக்கு வருகிறேன் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டால், நாளைக்கு மழை பெய்தாலும் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய் நிற்பார். அவரைப் போல ஒரு மனிதரைப் பொய் சொல்ல வைக்கப் பெரிய படிப்புப் படித்திருக்க வேண்டும்.

அப்போது எஸ்.எஸ்.எல்.சி. பதினொன்றாம் வகுப்பில். முடிவு வந்த மறுநாள், ஜில்லாவிலேயே எங்கள் பள்ளிக்கூடம்தான் முதல் என்று வாசல் கரும்பலகையில் எழுதிவைப்பார்கள். ஊரே வந்து பார்க்கும். அந்த முதலிடம் எப்படி வருகிறது என்று தெரியாத வரைக்கும் நானும் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். தேறமாட்டான் என்று தோன்றுகிறவனைப் பரீட்சை வரைக்கும் விட்டால்தானே அவன் தோற்பான்? அதனால் பத்தாம் வகுப்பிலேயே வடிகட்டிவிடுவார்கள். வடிகட்டுவது என்றுதான் ஆசிரியர்களே சொல்வார்கள், அதில் ஒளிவுமறைவு கிடையாது. ஆனால் பள்ளிக்கூடம் ஒரு பிள்ளையைத் துரத்தியது என்று பேர் வரக்கூடாது. அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். தகப்பனே வந்து, நாங்கள் குடும்பத்தோடு வெளியூர் போகிறோம், பையனுக்கு டி.சி. வேண்டும் என்று கேட்க வேண்டும். கேட்டதும் மிகுந்த வருத்தத்தோடு கொடுப்பார்கள்.

என் அப்பாவைக் கூப்பிட்ட அன்று அவர் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவரைச் சட்டையில் பார்ப்பது கல்யாணத்துக்கும் கோயில் கொடைத் திருவிழாவுக்கும்தான். மகனைப் பற்றி ஏதோ நல்ல சேதி என்று நினைத்திருக்கிறார். தலைமையாசிரியர் (பேர் வேண்டாம், பேரன் பேத்திகள் ஊரில் நன்றாக இருக்கிறார்கள்) அவரை நிற்க வைத்தே பேசினார். பையனுக்கு இங்கிலீஷ் ஏறவில்லை, பரீட்சையில் தோற்றால் அவன் பேரில் கரும்புள்ளி, நீராகவே டி.சி. கேட்டு வாங்கிக்கொண்டால் மரியாதையாகப் போய்விடும் என்றார்.

"நான் கேக்கலியே அய்யா" என்றார் அப்பா.

"கேக்கணும் வே. குடும்பத்தோட வெளியூர் போறோம்னு சொல்லும்."

"எந்த ஊருக்குய்யா?"

"உமக்குச் சொந்தக்காரங்க எங்கயாச்சும் இருப்பாங்கல்லா?"

அப்பா யோசித்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன், அவர் சட்டையின் முதுகு நனைந்திருந்தது. "ஏரல்ல தங்கச்சி இருக்கா" என்றார்.

"அப்ப ஏரலுக்குப் போறீரு."

அவ்வளவுதான். ஒரு மனிதனின் குடும்பத்தையே வாயாலேயே ஊர் மாற்றிவிட்டார். என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சூசையின் அப்பா மணப்பாட்டுக்குப் போனார். மாடசாமியின் அம்மா விளாத்திகுளத்துக்குப் போனாள். ஒரே வாரத்தில் எங்கள் வகுப்பில் கால்வாசிப் பேர் ஊரைக் காலிசெய்துவிட்டார்கள். சாயங்காலம் எல்லாரும் அதே தெருக்களில் கோலி விளையாடிக்கொண்டிருந்தோம்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் எங்கேயும் சொன்னதில்லை. அப்பாவின் வண்டி தினமும் பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் பஜாருக்குப் போகும். டி.சி. வாங்கிய மறுநாளிலிருந்து அவர் அந்த வழியாகப் போகவில்லை. உப்புக் கிட்டங்கிகளுக்குப் பின்னால், நிழல் கிடையாத மண்பாதையில், சக்கரம் புதையப் புதைய வண்டியைத் தள்ளிக்கொண்டு சுற்றிப் போவார். ஏன் என்று அம்மா சண்டை பிடித்தாள். அதற்கு அவர் சொன்னது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. "ஊர விட்டுப் போறோம்னு பெரியவருகிட்டச் சொல்லியாச்சு. அவரு கண்ணு முன்னாலயே வண்டி தள்ளிக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

சொன்ன சொல் பொய்யாகிவிடக் கூடாது என்று ஒரு மனிதன் ஊருக்குள்ளேயே ஒளிந்து நடந்தான். சொல்லச் சொன்னவர் நடுரோட்டில் குடை பிடித்துக்கொண்டு நடந்தார். ஒருநாள் பஜாரில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டார்கள். நானும் வண்டிக்குப் பின்னால் இருந்தேன். தலைமையாசிரியர் சிரித்தபடி, "என்ன வே, ஏரல்லருந்து எப்ப வந்தீரு?" என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "காலையிலதான் வந்தேன் அய்யா" என்றார். வண்டி நிறையக் கருப்பட்டி இருக்கிறது, தராசு தொங்குகிறது. அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார். அப்பா செத்து எத்தனையோ வருசம் ஆகிவிட்டது, எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் ஆறவில்லை.

பிறகு நான் வேலைக்குப் போன கதை. இதை நான் சொல்ல ஆரம்பித்தால் என் வீட்டில் ஆளுக்கொரு அறைக்குப் போய்விடுவார்கள், அதனால் உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்போது புதுத் துறைமுகம் இல்லை. கரையோரம் ஆழம் போதாது என்பதால் பெரிய கப்பல்கள் கண்ணுக்கெட்டும் தூரத்தில் கடலிலேயே நிற்கும். சரக்கைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போய், ஆடுகிற தோணியிலிருந்து ஆடுகிற கப்பலுக்கு மாற்ற வேண்டும். நானும் சூசையும் ஒரே நாளில் அந்த வேலையில் சேர்ந்தோம். பெருமைக்குச் சொல்லவில்லை (பெருமைக்குத்தான் சொல்கிறேன்), சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஆட்களை ஏவுகிற மேஸ்திரி ஆகிவிட்டேன். எனக்குக் குரல் பெரிது. அலைச் சத்தத்தை மீறி நான் போடும் சத்தம் கப்பலின் மேல்தட்டுவரை கேட்கும். அந்தக் குரலில் ஒரு பழைய லாரி வாங்கினேன். புதுத் துறைமுகம் வந்தபோது மற்றவர்கள் தோணி போயிற்றே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள், நான் இரண்டாவது லாரி வாங்கினேன். இன்று என் பேர் எழுதிய டிரெய்லர்கள் கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு மதுரை ரோட்டில் வரிசையாகப் போகும். என் அலுவலகத்தில் பட்டம் வாங்கியவர்கள் நான் உள்ளே வந்தால் எழுந்து நிற்கிறார்கள். வேண்டாம் என்று சொல்வேன், ஆனால் மெதுவாகத்தான் சொல்வேன்.

சூசை கதை இன்னும் சுருக்கம். வாடைக்காற்று நாளொன்றில் தோணிக்கும் கப்பலுக்கும் இடையில் விழுந்தான். அலை தோணியைக் கப்பலோடு சேர்த்து அடித்தது. மேலே தூக்கும்போது மூச்சில்லை. மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை அவனுக்கு. மாடசாமி உப்பளத்துக்குப் போனான். வெள்ளை வெயிலில் வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்து, நாற்பது வயதுக்குள் கண் போய்விட்டது. இப்போது மாப்பிள்ளையூரணியில் மகள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறான். நான் போனால் என் வண்டிச் சத்தத்தை வைத்தே, "வாரும் வே, முதலாளி" என்பான். கேலியாகத்தான்.

இந்த வருசம் பொங்கல் முடிந்ததும் இரண்டு பேர் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஒருவன் தனிஸ்லாஸ். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், அந்த வடிகட்டலில் தப்பியவன். பேங்க் மேனேஜராக ஓய்வு பெற்று, இப்போது முன்னாள் மாணவர் சங்கத்துக்குச் செயலாளர். இன்னொருவர் இப்போதைய தலைமையாசிரியர். நல்ல மனிதர், அதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல். ஆண்டு விழாவில் மூன்று பேரைப் பாராட்டுகிறார்களாம். பிள்ளைகளுக்கு ஊக்கம் வர வேண்டும், உள்ளூரிலேயே சாதித்த ஒருவர் வேண்டும், அதற்கு நீங்கள்தான் என்றார். குளிர்ந்துபோனேன். பொன்னாடை என்றால் யாருக்குக் கசக்கும்?

போகும்போது தலைமையாசிரியர் கொஞ்சம் தயங்கினார். "அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு. பத்தாவதுலயே நின்னுட்டேன்னு மேடையில சொல்லிராதிய. பயலுவ அதப் பிடிச்சுக்கிடுவானுவ. இப்பவே டிரெய்லர் ஓட்டப்போறேன், மீன்பிடி போட்டுக்குப் போறேன்னு பாதிப்பேரு நிக்கான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சரி என்றேன். பட்டுச் சட்டை தைக்கக் கொடுத்தேன். அதுவரைக்கும் எனக்கு யார்மேலும் கோபமில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய கதையெல்லாம் பழைய தலைமையாசிரியரோடு போய்விட்டது, கரும்பலகை காலத்துப் பழக்கம், இப்போது உலகம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விழா அன்று காலை என் டிரெய்லர் யார்டில் இசக்கியம்மாள் எனக்கு டீ கொண்டுவந்தாள். யார்டில் கேன்டீன் நடத்துகிறவள், புருசன் இல்லை, ஒரே மகள் காவ்யா அதே பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு. அந்தப் பிள்ளை சாயங்காலம் அம்மாவைப் பார்க்க வந்தால் கேன்டீன் கூரைக்கு வெளியே நின்று துறைமுகத்துக் கிரேன்களையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த உச்சிக் கூண்டில் உட்கார என்ன படிக்க வேண்டும் தாத்தா என்று ஒருநாள் கேட்டது. பத்தாவது தேறி பாலிடெக்னிக் போக வேண்டும் என்றேன். அப்படியானால் போகிறேன் என்றது, கடைக்குப் போய் வருகிறேன் என்பது மாதிரி.

இசக்கியம்மாள் டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அண்ணாச்சி, ஒரு யோசனை கேக்கணும். காவ்யா ஸ்கூல்ல கூப்பிட்டுவிட்டாவ. கணக்குல மார்க்கு கம்மியாம். திங்கக்கிழமை வந்து டி.சி. வாங்கிக்கிடச் சொல்லுதாவ. வெளியூர் போறோம்னு நான் கேக்கணுமாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "பக்கத்து ஊரச் சொன்னாப் போதுமா அண்ணாச்சி, இல்ல திருப்பூரு அது இதுன்னு தூரமாச் சொல்லணுமா?"

அவள் அழவில்லை. எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள். எங்கள் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. பதினொன்றில், வடிகட்டியது பத்தில். இப்போது எஸ்.எஸ்.எல்.சி. பத்தில், வடிகட்டுவது ஒன்பதில். மாறிய உலகம் இவ்வளவுதான். ஒரு வகுப்பு முன்னால் வந்திருக்கிறது. என் காலடியில் அச்சடித்த நூறு சதவீதம் எந்தக் கிணற்றில் இறைத்த தண்ணீர் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. துரத்திவிட்டவனை முன்னாள் மாணவன் என்று சுவரில் கட்டி, அவன் முகத்துக்குக் கீழேயே அடுத்தவளைத் துரத்துகிறார்கள்.

"எந்த ஊரும் சொல்ல வேண்டாம் ஏளா" என்றேன். "திங்கக்கிழமை நானும் வாரேன்."

விழாவுக்குப் போனேன். பட்டுச் சட்டை போட்டுக்கொண்டுதான் போனேன், தைத்ததை வீணாக்குவானேன். லண்டன் டாக்டரம்மா விமானம் கிடைக்கவில்லை என்று செல்போனில் பேசினாள். கேப்டன் வெள்ளை உடுப்பில் வந்து அலையில்லாத நாளில் கடல் எப்படி இருக்கும் என்று கவிதையாகச் சொன்னார். என் முறை வந்தது. பொன்னாடை போர்த்தினார்கள், கழுத்து அரித்தது. மைக்கைப் பிடித்தேன். எழுதிக்கொடுத்த தாளைப் பையில் வைத்துவிட்டேன்.

"பிள்ளைகளா, நான் இந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சு முடிக்கல. முடிக்க விடல. வெளியூர் போறோம்னு எங்கப்பா வாயாலயே சொல்ல வச்சு என்னைய அனுப்புனாங்க. நாங்க எந்த ஊருக்கும் போகல. இந்த வருசமும் சில பேர அனுப்பப் போறாங்க. அது யாருன்னு உங்கள்ல சில பேருக்குத் தெரியும்."

முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த சின்ன வகுப்புகள் கைதட்டின, மேடையில் யார் நிறுத்தினாலும் தட்டுவது அதுகளுக்குப் பழக்கம். ஒன்பதாம் வகுப்பு வரிசையில் மட்டும் சத்தமில்லை. பின்னால் திரும்பி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காவ்யா தரையைப் பார்த்தாள். நான் அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தேன். அதற்குள், நிகழ்ச்சியைத் தொகுத்த இளம் தமிழாசிரியர் தேன் குரலில் புகுந்தார். "தடைக்கற்களைப் படிக்கற்களாக்கிய அண்ணாச்சி அவர்களின் நகைச்சுவை கலந்த உரை!" என்றார். மேடையில் எல்லாரும் சிரித்தார்கள். கேப்டன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஸ்பீக்கரில் பாட்டு போட்டார்கள். கடல்நடுவே கப்பல் மேல்தட்டுவரை கேட்ட என் குரல், என் பள்ளிக்கூட மைதானத்தில் எடுபடவில்லை.

தலைமையாசிரியர் அறையில் மிக்சரும் டீயும் வைத்திருந்தார்கள். நான் பொன்னாடையைக் கழற்றி மேசைமேல் போட்டேன். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "ரிசல்ட்டு ஒரு சதவீதம் குறைஞ்சாலும் மேல இருந்து என்னையத்தான் விளக்கம் கேப்பாவ அண்ணாச்சி. சுவத்துல நூறு இல்லன்னா ஆறாங்கிளாசுக்குப் பிள்ள சேர்க்க ஒருத்தன் வரமாட்டான். பிள்ள இல்லன்னா வாத்தியாரு வேலை போயிரும். நான் என்ன செய்யட்டும்?" அவருக்கும் சட்டை முதுகு நனைந்திருந்தது. கண்டதும் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

தனிஸ்லாஸ்தான் என்னைச் சமாதானப்படுத்த வந்தான். தோளில் கைபோட்டான். "ஏலே, உண்மையச் சொல்லு. அன்னைக்கு டி.சி. குடுக்கலன்னா நீ எங்கயாவது கிளார்க்கா இருந்திருப்ப. என்னைய மாதிரி பென்ஷன எதிர்பாத்துக்கிட்டு கெடப்ப. வெளிய விட்டதாலதான இன்னைக்கு முதலாளி? நியாயமாப் பாத்தா நீ பள்ளிக்கூடத்துக்கு நன்றிதாம்ல சொல்லணும்."

இதே வசனத்தை நானே கல்யாண வீடுகளில் எத்தனையோ தடவை அடித்திருக்கிறேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள், நானும் மீசையைத் தடவிக்கொள்வேன். இன்னொருவன் வாயிலிருந்து வரும்போதுதான் அதன் நாற்றம் என் மூக்குக்கு எட்டியது.

"சூசை எங்கல?" என்றேன்.

அவன் கையை எடுத்துவிட்டான்.

"சூசைக்கும் அந்த வாரந்தான டி.சி. குடுத்தாவ. அவனும் முன்னாள் மாணவன்தான? எந்த பிளெக்ஸ்ல போட்டிருக்கிய அவன? மாடசாமிய எதுல போட்டிருக்கிய? தப்பிச்சுக் கரையேறின ஒருத்தன் மூஞ்சிய ஒட்டிவச்சுக்கிட்டு, தள்ளிவிட்டது நல்லதுக்குத்தான்னு பிள்ளையகிட்டக் காட்டுதியளா? வெக்கமா இல்லையால?"

பியூன் மிக்சர் தட்டை என் பக்கம் நகர்த்தினான், பாவம், அவனுக்குத் தெரிந்த சமாதானம் அது.

திங்கட்கிழமை இசக்கியம்மாளைக் கூட்டிக்கொண்டு போனேன். தலைமையாசிரியர் என்னைக் கண்டதும் எழுந்தார். "இவ எந்த ஊருக்கும் போகல" என்றேன். "போறதா இருந்தா என்கிட்டச் சொல்லிட்டுத்தான் போவா." அவர் என்னையே பார்த்தார். என் பேர், என் டிரெய்லர்கள், அடுத்த வருசம் என் காசில் கட்ட நினைக்கிற வகுப்பறை எல்லாம் அந்தப் பார்வையில் வந்துபோயின. கடைசியில், "உங்களுக்காக அண்ணாச்சி. இந்தப் பிள்ள இருக்கட்டும்" என்றார். இசக்கியம்மாள் கைகூப்பினாள். எனக்குக் கைகூப்ப வரவில்லை. அவளுடைய பிள்ளை தன்னுடைய பள்ளிக்கூடத்தில் படிப்பது எனக்குச் செய்த உபகாரம் ஆகிவிட்டது.

வெளியே வந்தால் வராந்தா பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மீன்கூடைக்காரி, உப்பளத்து ஆள் இரண்டு பேர், காயல்பட்டினத்துக்காரர் வீட்டில் கார் ஓட்டுகிற ஒருவர். எல்லாரும் நல்ல உடுப்பு உடுத்தியிருந்தார்கள். நான் திரும்பி உள்ளே போய், அப்போது இவர்கள் எல்லாம் என்று கேட்டேன். அவர்களாகவே விரும்பிக் கேட்டு வருகிறார்கள் அண்ணாச்சி என்றார் தலைமையாசிரியர், என் முகத்தைப் பார்க்காமல்.

பெஞ்சுக்கு வந்து எதிரில் நின்றேன். யாரும் டி.சி. கேட்க வேண்டாம், வாங்க மாட்டோம் என்று சொல்லுங்கள், நான் இருக்கிறேன் என்றேன். உப்பளத்து ஆள் ஒருவர் எழுந்து மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

"எங்களுக்கு வம்பு வேண்டாம் அண்ணாச்சி. நாங்க ஊருக்குத்தான் போறோம்."

"எந்த ஊருக்கு?"

பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "சாயர்புரத்துக்கு."

"அங்க உமக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல" என்றார்.

அவரை அடிக்கலாம் போலிருந்தது. சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்த ஒரு மனிதரை, நான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படியிறங்கினேன். வராந்தாவில் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடும் சத்தம் கேட்டது.

நான் படித்த இடத்தில் இப்போது எதுவும் நான் படித்த காலத்து மாதிரி இல்லை. சங்குக் கிட்டங்கியை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள், இப்போது காற்று திரும்பினால் பிரியாணி மணக்கிறது. கப்பலுக்குப் போகும் தோணி வரிசை கிடையாது. அப்பா சுற்றிப்போன மண்பாதையில் தார் போட்டு, என் டிரெய்லர்களே அதில் போகின்றன. கருப்பட்டிக் காப்பியை ஏ.சி. கடையில் விலை எழுதி விற்கிறார்கள். எல்லாவற்றையும் கொண்டுபோன காலத்துக்கு அந்த வடிகட்டியை மட்டும் தூக்கிப் போக முடியவில்லை. பெருமாள் கோயில் விக்கிரகம் மாதிரி பழுதில்லாமல் வைத்திருக்கிறார்கள்.

நேற்று சாயங்காலம் யார்டுக்குப் போனபோது காவ்யா சீருடையில் இருந்தாள். பத்தாம் வகுப்புப் பாடப்புத்தகத்தை கேன்டீன் மேசையில் விரித்து வைத்திருந்தாள். கணக்குக்குத் தனியாக டியூஷன் போகிறாள், போன தேர்வில் தேறிவிட்டதாக அவள் அம்மா சொன்னாள். எனக்குச் சந்தோசம்தான். எப்படியும் அந்தப் பிள்ளை கூண்டில் ஏறிவிடும் என்று மனசில் ஒரு தைரியம். வகுப்பு எப்படி இருக்கு என்று கேட்டேன்.

"நல்லாருக்கு தாத்தா" என்றாள். "போன வருசம் மாதிரி இடிச்சுக்கிட்டு உக்கார வேண்டாம். இப்ப ஃபேன் காத்து எல்லாருக்கும் வருது."